பயன்பாட்டு விலங்கு உயிரியலில் பட்டமேற்படிப்பு (புதுக்கோட்டை மாவட்டம்)

பயன்பாட்டு விலங்கு உயிரியல் என்பது, விலங்குகளின் உடலியங்கியல், மரபியல், நடத்தை, ஊட்டம், இனப்பெருக்கம், நோய் ஆகியவை பற்றிய அடிப்படை அறிவை, மனிதரோடு தொடர்புடைய விலங்குகளின் வளர்ப்பு, நலன், பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும் அறிவியல் துறையாகும். பண்ணை விலங்குகள், மீன்வளம், காட்டுயிர்கள், ஆய்வகங்களிலும் வீடுகளிலும் வளர்க்கப்படும் விலங்குகள் ஆகிய அனைத்தும் இதன் எல்லைக்குள் அடங்கும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்பெயரில் பட்டம் வழங்கும் நிறுவனம் எதுவும் இல்லை. ஆயினும் இத்துறையின் ஏறத்தாழ எல்லாக் கிளைகளுக்கும் உரிய ஆய்வுப் பொருள்கள் இம்மாவட்டத்தின் கண்மாய்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கடற்கரையிலும் உள்ளன. இம்மாவட்டத்து மாணவர் ஒருவர் இத்துறையில் பட்டமேற்படிப்பை மேற்கொள்ளும் வழிகளையும், அவ்வழிகளில் உள்ள தடைகளையும், ஆய்வுக்குரிய பொருள்களையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பெயர்

இத்துறையின் பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா பல்கலைக்கழகம், தனது நிலம் மற்றும் உணவு முறைமைகள் பீடத்தின் வழியாக, பயன்பாட்டு விலங்கு உயிரியல் என்ற பெயரிலேயே முதுநிலை, முனைவர் பட்டங்களை வழங்குகின்றது. 1997 இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் விலங்கு நலத் திட்டம் உலக அளவில் அறியப்பட்டது. இசுக்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் 1990 முதல் பயன்பாட்டு விலங்கு நடத்தை மற்றும் விலங்கு நலம் என்ற முதுநிலைப் படிப்பை நடத்தி வருகின்றது. இந்தியாவில் இதே உள்ளடக்கம் விலங்கியல், விலங்கு அறிவியல், காட்டுயிர் உயிரியல், கடல் உயிரியல், கால்நடை அறிவியல், மீன்வள அறிவியல் எனப் பல பெயர்களில் பிரிந்து கிடக்கின்றது. இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. எந்தப் பெயரில் பட்டம் பெறுகின்றோம் என்பதே பின்னர் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது.

இரண்டு வாயில்கள்

இந்தியாவில் இத்துறைக்குள் நுழைய இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று தொழிற்படிப்பு, மற்றது பொது அறிவியல் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே மாணவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிடுகின்றார். பின்னர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது பெரும்பாலும் இயலாது. இதனைப் பட்டம் பெற்ற பிறகே அறிந்துகொள்ளும் மாணவர்கள் பலர்.

தொழிற்படிப்பு வாயில் என்பது கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டம், அதாவது பி.வி.எஸ்ஸி. மற்றும் கால்நடைப் பராமரிப்பு. ஓராண்டு உள்ளகப் பயிற்சி உட்பட இது ஐந்தரை ஆண்டுப் படிப்பாகும். விலங்கு மரபியல் மற்றும் இனவிருத்தி, விலங்கு ஊட்டவியல், கால்நடை உடலியங்கியல், நுண்ணுயிரியல் முதலிய பிரிவுகளில் எம்.வி.எஸ்ஸி. படிக்க இப்பட்டம் இன்றியமையாதது. விலங்கியலில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும், இளமறிவியல் பட்டதாரி எம்.வி.எஸ்ஸி. படிப்பில் சேர இயலாது. மீன்வளத்திலும் இதே நிலைதான், எம்.எஃப்.எஸ்ஸி. படிப்புக்கு மீன்வள இளநிலைப் பட்டம் தேவை.

மறு வாயில் விலங்கியல் இளமறிவியல் பட்டம். மூன்றாண்டுப் படிப்பான இது குறைந்த செலவில் உள்ளூரிலேயே முடிக்கக்கூடியது. இதன் பின் விலங்கியல், விலங்கு அறிவியல், காட்டுயிர் உயிரியல், கடல் உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புக்குச் செல்லலாம். நோய்க்கு மருந்து கொடுக்கும் உரிமை மட்டும் இவ்வழியில் கிடைக்காது. 1984 ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி அது பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. ஆனால் விலங்கு நடத்தை, சூழலியல், இனத்தொகை மரபியல், விலங்கு நலம் ஆகியவற்றை ஆராய அவ்வுரிமை தேவையில்லை. உலக அளவில் இத்துறையின் முன்னணி ஆய்வாளர்கள் பலர் கால்நடை மருத்துவர்கள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

கால்நடைக் கல்வியின் பின்னணி

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் சைதாப்பேட்டையில் இருபது மாணவர்களுடன் தொடங்கி, பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1936 இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்கும் நிலையை அடைந்தது. நாமக்கல்லில் இரண்டாவது கல்லூரி 1985 இல் தோன்றியது. 1989 இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 2012 இல் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும், 2020 இல் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் புதிய கல்லூரிகள் தொடங்கப்பட்டன.

புதுக்கோட்டை மாணவருக்கு அருகிலுள்ளது அண்டை மாவட்டமான தஞ்சாவூரின் ஒரத்தநாட்டுக் கல்லூரியாகும். 2012 க்கு முன் கால்நடை மருத்துவம் படிக்க விரும்பிய கந்தர்வக்கோட்டை, கறம்பக்குடி மாணவர் நாமக்கல் அல்லது சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்ததை எண்ணினால், இதன் பயன் விளங்கும். மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலும், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரிய 15 விழுக்காட்டு இடங்கள் நீட் தேர்வின் அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கான 7.5 விழுக்காட்டு முன்னுரிமை ஒதுக்கீடு கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஊரக மாணவர்கள் மிகுந்த இம்மாவட்டத்தில் இது முக்கியமானது. ஆயினும் பல பள்ளிகளில் மருத்துவப் படிப்புக்கான ஒதுக்கீடு மட்டுமே பேசப்படுகின்றது.

பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் ஒன்று புதுக்கோட்டையிலும் இயங்குகின்றது. இங்குப் பட்டப் படிப்பு இல்லை. உழவர்களுக்கான பயிற்சியும் ஆலோசனையுமே முதன்மைப் பணி. மாவட்டக் கால்நடைப் பண்ணையும், வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் ஆய்வு மாணவர் தொடர்பு கொள்ளத்தக்க பிற இடங்களாகும்.

விலங்கியல் வழி

புதுக்கோட்டை சமத்தானக் காலத்தில், 1880 இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்த மன்னர் கல்லூரி இம்மாவட்டத்தின் பழைமையான உயர்கல்வி நிறுவனமாகும். இங்கு விலங்கியல் துறை உள்ளது. மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள், 1982 இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. அப்பல்கலைக்கழக வளாகத்திலேயே விலங்கு அறிவியல் துறையும், கடல் அறிவியல் துறையும் உள்ளன. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910 இல் தொடங்கப்பட்டது. சிற்பங்களுக்காகவும் செப்புத் திருமேனிகளுக்காகவும் பெயர் பெற்ற இதில் விலங்கியல் பிரிவும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

சற்றுத் தொலைவுக்குச் செல்ல முடிந்தவருக்கு வாய்ப்புகள் விரிகின்றன. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள அ. வ. அ. கல்லூரியும், உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியும் காட்டுயிர் உயிரியலில் முதுநிலைப் படிப்பை வழங்கி வந்துள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் கடல் உயிரியலில் நீண்ட மரபுடையது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறை 1927 இல் தோன்றியது. தேசிய அளவில், தேராதூனில் 1982 இல் நிறுவப்பட்ட இந்தியக் காட்டுயிர் நிறுவனம் நுழைவுத் தேர்வு வழியாக முதுநிலை மாணவர்களைச் சேர்க்கின்றது. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் 2023 இல் இதனுடன் இணைக்கப்பட்டது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் காட்டுயிர் முதுநிலைப் படிப்பும் புகழ் பெற்றது. இவற்றில் இடங்கள் மிகக் குறைவு.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள நிறுவனங்களும் கவனிக்கத்தக்கவை. கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் விலங்கு உயிர்வேதியியல், விலங்கு உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டங்களை வழங்குகின்றது. வேளாண் கழகத் தேர்வுகளில் பெரும்பாலான பாடப்பிரிவுகள் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை எதிர்பார்ப்பவை. மூன்றாண்டு இளமறிவியல் பட்டதாரி, தமக்குரிய பிரிவு உண்டா என்பதை அவ்வாண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்த பின்னரே கட்டணம் செலுத்துவது நன்று.

முனைவர் பட்டத்திற்கு, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், பல்கலைக்கழக மானியக் குழு ஆகியவற்றின் கூட்டுத் தேசியத் தகுதித் தேர்வின் உயிர் அறிவியல் தாள் முதன்மையானது. இதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர் உணவு, உறைவிடச் செலவுக்கு வீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. முன்பு முதுநிலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையே பாலமாக இருந்த எம்.ஃபில். பட்டத்தை மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிமுறைகள் நிறுத்திவிட்டன. எனவே பழைய வழிகாட்டி நூல்களில் உள்ள அறிவுரை இப்போது பொருந்தாது.

இணைத்தன்மைச் சிக்கல்

அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராகச் சேர விரும்புவோர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பில் கேட்கப்படும் பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். விலங்கியல் எனக் கேட்கப்படும் இடத்தில், காட்டுயிர் உயிரியல், விலங்கு உயிர்த்தொழில்நுட்பம் போன்ற பெயருடைய பட்டங்கள் விலங்கியலுக்கு இணையானவை என அரசாணை இருந்தாலன்றி ஏற்கப்படுவதில்லை. பாடத்திட்டம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தாலும் பெயர் வேறு என்பதால் விண்ணப்பம் தள்ளப்படலாம். ஆய்வில் ஈடுபட விரும்புவோருக்கு இது பெரிய தடையன்று. ஆனால் புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் ஆசிரியப் பணி என்பது முதல் தலைமுறைப் பட்டதாரிக் குடும்பங்களின் உறுதியான எதிர்பார்ப்பாகும். கவர்ச்சியான பெயருடைய படிப்பில் சேரும் முன், அப்பட்டத்திற்கு இணைத்தன்மை அரசாணை உண்டா எனக் கல்லூரியில் எழுத்து வடிவில் கேட்டறிதல் வேண்டும்.

மாவட்டத்தின் ஆய்வுப் பொருள்கள்

சல்லிக்கட்டு. தமிழ்நாட்டில் சல்லிக்கட்டு மிகுதியாக நடைபெறும் மாவட்டங்களுள் புதுக்கோட்டையும் ஒன்று. கந்தர்வக்கோட்டை அருகே தச்சங்குறிச்சியில் நடைபெறுவது ஆண்டின் முதல் சல்லிக்கட்டாக அறியப்படுகின்றது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்த தீர்ப்பில், விலங்கு நல அறிவியலில் வழங்கும் ஐந்து விடுதலைகள் என்ற கருத்தை எடுத்தாண்டது. பசி தாகம், இடர்ப்பாடு, வலியும் நோயும், அச்சமும் துயரமும் ஆகியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் விடுதலையும் அவை. பிரித்தானியாவில் 1965 இல் வெளியான பிராம்பெல் குழுவின் அறிக்கையிலிருந்து வளர்ந்த கருத்து இது. 2017 சனவரிப் போராட்டத்தின் பின் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு அதனைச் செல்லும் என அறிவித்தது.

சட்ட வழக்கு முடிந்துவிட்டது. அறிவியல் வினா முடியவில்லை. வாடிவாசலில் நிற்கும் காளை எவ்வளவு அச்சம் கொள்கின்றது, எவ்வளவு நேரத்தில் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றது என்பவை அளந்து அறியக்கூடியவை. அளப்பது எளிதன்று. உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரை இரத்தத்தில் அளக்கலாம்; ஆனால் ஊசி குத்துவதே அந்த அளவை உயர்த்திவிடும். ஆகவே சாணத்தில் வெளியேறும் அதன் சிதைபொருள்களை அளக்கும் முறை வகுக்கப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அழிநிலை உயிரினப் பாதுகாப்பு ஆய்வகம் காட்டு விலங்குகளிடம் இம்முறையைப் பயன்படுத்துகின்றது. சாணத்தின் அளவீடு சில மணி நேரத்திற்கு முந்தைய நிலையையே காட்டும் என்பதால், காளையின் பயணம், கூட்டத்தில் காத்திருப்பு, அவிழ்த்து விடுதல் ஆகியவற்றுள் எது எவ்வளவு பங்களித்தது எனப் பிரித்தறிய, ஒரே காளையிடம் வீட்டிலும் நிகழ்விடத்திலும் பலமுறை மாதிரி எடுக்க வேண்டும். இதயத் துடிப்பளவி, முடுக்கமானி போன்ற சிறு கருவிகளைக் காளையின் உடலில் பொருத்தியும் பதிவு செய்யலாம். கண்ணின் வெண்படலம் தெரிதல், வால் அசைவு, சாணமிடும் தடவை ஆகியவற்றை இரு பார்வையாளர் தனித்தனியே குறித்து, அவர்கள் குறிப்புகள் எவ்வளவு ஒத்துள்ளன எனக் கணக்கிடுதல் மற்றொரு முறை. இரு தரப்பும் உணர்ச்சியோடு வாதிடும் ஒரு பொருளில் இத்தகைய எண்கள் குறைவாகவே உள்ளன. காளை வளர்ப்போரின் நம்பிக்கையைப் பெறக்கூடிய உள்ளூர் மாணவருக்கு இதில் வெளியாருக்கு இல்லாத வாய்ப்பு உண்டு.

கால்நடை இனங்கள். காவிரிப் படுகையின் உம்பளாச்சேரி இனமும், மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் கிடை முறையில் வளர்க்கப்படும் புலிக்குளம் இனமும் இம்மாவட்டத்தின் இரு புறமும் உள்ளன. இடைப்பட்ட இப்பகுதியின் நாட்டு மாடுகள் மரபியல் அடிப்படையில் எதனோடு நெருக்கமானவை என்பது முதுநிலை ஆய்வேட்டுக்கு ஏற்ற வினா. மாநில இனவிருத்திக் கொள்கை சமவெளிக்குச் செர்சிக் கலப்பினத்தைப் பரிந்துரைத்ததால் பால் உற்பத்தி பெருகியது. ஆனால் கோடை வெப்பத்தில் கலப்பினப் பசுக்களுக்குப் பால் குறைதலும், சினை பிடிக்காமை மீண்டும் மீண்டும் ஏற்படுதலும் வளர்ப்போர் நன்கறிந்த சிக்கல்கள்.

செம்மறியாடுகளுக்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் நீலநாக்கு நோய், இரு வாயில்களும் சந்திக்க வேண்டிய இடமாகும். நோயை உண்டாக்குவது தீநுண்மி. பரப்புவது கியூலிகாய்டிசு என்னும் மிகச்சிறிய கடிக்கும் ஈ. தடுப்பூசி கால்நடை மருத்துவரின் பணி. அந்த ஈ எந்தக் கண்மாய்க்கரைச் சேற்றில், எந்த வாரத்தில் பெருகுகின்றது என்பதோ விலங்கியல் மாணவரின் பணி.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பூசும் மூலிகை மருத்துவம் தமிழ்நாட்டிலிருந்து பிற மாநிலங்களுக்கும் பரவியுள்ளது. இதன் பயனை ஒப்பீட்டுக் குழுக்களுடன் சோதித்தல் ஆய்வு மாணவர் செய்யத்தக்கது.

மயில்கள். விராலிமலை மயில்களுக்குப் பெயர் பெற்றது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள மயில், நெல்லையும் நிலக்கடலையையும் மேய்வதால் உழவரோடு முரண்படுகின்றது. இழப்பை முறையாகக் கணக்கிடாமல் இழப்பீடும் பேச இயலாது. பாதுகாப்பும் பேச இயலாது.

கடற்கரை. மணமேல்குடி, கட்டுமாவடி, செகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் பாக்கு நீரிணைக் கரையில் உள்ளன. இங்குள்ள ஆழமற்ற கடலில் கடற்புற்கள் வளர்கின்றன. அவற்றை மேயும் கடற்பசுவுக்காக, 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இந்தியாவின் முதலாவது கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு இதில் அடங்கும். கடற்புல்வெளிகளின் மேல் இழுவைமடியின் தாக்கம், வலையில் சிக்கும் கடற்பசுக்களை உயிரோடு விடுவிக்கும் முறை ஆகியவை உடனடிப் பயனுள்ள ஆய்வுகள்.

கடலட்டையின் கதை வேறு வகையானது. 1947 இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், தனது தூத்துக்குடி நிலையத்தில் 1988 இல் வெள்ளைக் கடலட்டையின் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. 2001 இல் கடலட்டைகள் அனைத்தும் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதால், இந்தியாவில் அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்தில் அதே உயிரினம் சட்டப்படி பண்ணைகளில் வளர்க்கப்படுகின்றது. ஒரே கடலின் இரு கரைகளில் இரு கொள்கைகள். எது இனத்தொகையைக் காத்தது என்பதை ஒப்பிட்டு ஆராய இதைவிடப் பொருத்தமான களம் அரிது. இந்தியக் கரையில் இவ்வாய்வுக்கு வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம்.

இறால் பண்ணைகள் குறித்து 1996 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், 2005 ஆம் ஆண்டு கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டமும் இக்கரைக்கும் பொருந்துவன. மீன்வளப் பட்டமேற்படிப்புக்கு, 2012 இல் நிறுவப்பட்ட நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம், அதன் கீழுள்ள தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி (1977), மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் ஆகியவை உள்ளன.

அனுமதியும் அறநெறியும்

விலங்கியல் ஆய்வகம் என்றவுடன் நினைவுக்கு வந்த தவளை அறுவை இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011 இல் உடற்கூறாய்வைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டி, 2014 இல் அதனை நிறுத்துமாறு அறிவித்தது. ஆய்வில் விலங்குகளைப் பயன்படுத்த, 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவில் பதிவு பெற்ற நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் அளிக்க வேண்டும். பதிவு இல்லாத கல்லூரியில் இரத்த மாதிரி எடுக்கும் ஆய்வைத் திட்டமிடுவது வீண். ஆய்விதழ்கள் ஒப்புதல் எண்ணைக் கேட்கும். பின்னர் பெற இயலாது. தொலைவிலிருந்து உற்றுநோக்கும் நடத்தை ஆய்வுகளுக்கு இச்சுமை குறைவு என்பதால், வசதி குறைந்த கல்லூரிகளில் உள்ளோர் அவற்றிலிருந்து தொடங்குவது நடைமுறைக்கு உகந்தது.

வெளிநாட்டுப் படிப்பு

கனடா, ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றின் ஆய்வுவழி முதுநிலைப் படிப்புகளில் மதிப்பெண்ணுக்கு நிகராக, ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க இசைவதும் முக்கியம். விண்ணப்பிக்கும் முன்பே அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, தமது வினாவை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புதல் வழக்கம். ஊதியமும் பெரும்பாலும் அவருடைய ஆய்வு நிதியிலிருந்தே வரும். பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை எதிர்பார்ப்பதால், மூன்றாண்டு இளமறிவியல் பெற்றோர் இங்கு முதுநிலையையும் முடித்துச் செல்வது பாதுகாப்பானது. பட்டியல் சாதி மாணவர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இந்திய நடுவண் அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு அறிவியல் பீடமும், 1975 இல் நிறுவப்பட்ட வேளாண்மைப் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் முதன்மையானவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பீடத்தில் உள்ள விலங்கு அறிவியல் துறையும் தமிழ்ப் பகுதிகளில் இத்துறையைக் கற்பிக்கின்றன. பாக்கு நீரிணை ஆய்வுகளில் ஈடுபடும் புதுக்கோட்டை மாணவருக்கு, யாழ்ப்பாணத் துறையினரின் வெளியீடுகள் மேலைநாட்டு நூல்களைவிட நேரடியாகப் பயன்படக்கூடியவை. ஒரே கடற்புல், ஒரே மீன், பெரும்பாலும் ஒரே ஊர்ப்பெயர்கள்.